குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஊரில் நிதி திரட்டுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

காரிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2022 ஜூன் மாதம் எங்கள் மகளுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தபோது இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படும் வகையான அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாதான் அவளுக்கும். சிகிச்சை முடிந்து இப்போது பள்ளிக்குப் போகிறாள். இடையில் ஊராரைத் திரட்டி, இந்த நோய் குறித்த ஆராய்ச்சிக்காக 3,86,450 ரூபாய் சேர்த்துச் சென்னையில் உள்ள ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு அளித்தோம். முதல் முயற்சியில் நாங்கள் செய்த பிழைகளால் பணமும் முடங்கியது, பெயரும் கெடப் பார்த்தது. அந்த வழியில் நீங்களும் போய் இடறக் கூடாது என்பதற்காகவே, எந்தத் தாளை எங்கே வாங்குவது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் பிடிக்கும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. சிகிச்சைக்கான பணத்தை முதலில் தனியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்

உங்கள் குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் போதாத நிலையில் ஆராய்ச்சிக்கென்று கேட்கத் தொடங்காதீர்கள். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு எந்தக் கணக்கும் நிற்காது. சிகிச்சைக்கு முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் காப்பீடு உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற்ற வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, குடும்பத்தினர் அனைவரின் ஆதார் அட்டைகள் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றிதழுக்குக் கட்டணம் சிறிதுதான், ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைக் கடந்து வர எங்களுக்கு 9 நாட்கள் ஆயின. நோய் உறுதியான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

இத்துடன் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். நோயின் பெயரையும் மதிப்பிடப்பட்ட செலவையும் குறிப்பிட்டு மருத்துவமனை தரும் அசல் சான்றிதழ் அதற்கு அவசியம். மண்டலப் புற்றுநோய் மையங்களில் சிகிச்சை பெறுவோர் அங்குள்ள சமூகப் பணியாளரிடம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் புற்றுநோயாளர் நிதி குறித்துக் கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், நம் பகுதியினர் பலர் செல்லும் பெங்களூரு கித்வாய் மருத்துவமனையும் அத்தகைய மையங்களே. ரயில் பயணத்தில் புற்றுநோயாளருக்குத் தூங்கும் வசதி வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. மருத்துவமனையில் தரப்படும் சலுகைப் படிவம் கையில் இருக்க வேண்டும்.

2. எந்த மாதத்தில் தொடங்குவது என்பதைக் குழந்தையின் சிகிச்சை அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள்

இந்த நோய்க்கான சிகிச்சை மொத்தம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடக்கும். முதல் நான்கைந்து வாரங்கள் மிகவும் கடுமையானவை. அந்த நாட்களில், இரத்த அணுக்களின் எண்ணிக்கை குறைந்ததைச் சொல்லும் ‘கவுண்ட் இறங்கிவிட்டது’ என்ற ஒரு சொல்லுக்கே வீடு முழுவதும் கலங்கும். நிதி திரட்டும் எண்ணமே வேண்டாம். அதன் பிறகும் பல மாதங்கள் ஊசியும் முதுகுத் தண்டில் மருந்து செலுத்துவதும் தொடரும். தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்று வீட்டிலிருந்தபடியே மருந்து தரும் பராமரிப்புக் கட்டத்துக்கு வந்த பிறகுதான் நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. நாங்கள் முறையாகத் தொடங்கியது அந்தக் கட்டத்தில்தான்.

அதிலும் நிகழ்ச்சிக்கான தேதியை முதுகு ஊசி போடும் வாரத்தில் வைக்காதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பந்தல் போட்டிருந்தாலும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அப்போது நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை ஏற்க இருவரை முன்கூட்டியே நியமித்து வையுங்கள். செப்டம்பர் மாதம் உலகெங்கும் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகவும், பிப்ரவரி 15 பன்னாட்டுக் குழந்தைப் புற்றுநோய் தினமாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. நம் மாவட்டங்களில் கையில் காசு புரள்வது மாங்காய் விற்று முடிந்த பிறகு, ஆகஸ்ட்டை ஒட்டி. நாங்கள் ஆகஸ்ட்டில் தொடங்கிச் செப்டம்பர் கடைசி ஞாயிறு அன்று முடித்தோம்.

3. எந்த ஆராய்ச்சிக்கு என்பதை நீங்களே தேடிப் பாருங்கள்

‘ஆராய்ச்சி’ என்று பொதுவாகச் சொன்னால் ஊரில் யாருக்கும் பிடிபடாது, எனக்கே பிடிபடவில்லை. என் மகளின் மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து போதும், யாருக்குக் குறைத்துக் கொடுத்தாலும் நோய் திரும்பாது, யாருக்குக் கூட்ட வேண்டும் என்பதை அறிவதே இந்த ஆராய்ச்சியின் பெரும் பகுதி. முதல் கட்டம் முடிந்ததும் எலும்பு மஜ்ஜையில் எஞ்சியிருக்கும் நோய் அணுக்களை அளக்கும் எம்ஆர்டி என்ற பரிசோதனை இதற்கு அடிப்படை. மருந்து அதிகமாகிவிட்டால் நோய்க்குப் பதிலாகத் தொற்று உயிரைப் பறிக்கலாம். நம் குழந்தைகள் பலர் எடை குறைந்த நிலையில் சிகிச்சைக்கு வருகிறார்கள் என்பதால், வெளிநாட்டு அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னை, மும்பை, தில்லி, சண்டிகர், கொல்கத்தா ஆகிய நகரங்களின் மருத்துவமனைகள் சேர்ந்து ‘ஐசிஐசிஎல்இ-ஆல்-14’ என்ற பெயரில் நடத்திய ஆய்வு இத்தகைய கேள்விகளுக்காக நம் நாட்டுக் குழந்தைகளிடமே நடந்தது.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளை சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். ஆய்வு நடக்கும் ஊர், பொறுப்பு மருத்துவர், பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரங்கள் எல்லாம் அதில் இருக்கும். பதிவேடு ஆங்கிலத்தில் உள்ளது; கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும்.

நான்கு லட்சம் ரூபாயில் ஓர் ஆய்வே நடந்துவிடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் கட்ட முடியாத குழந்தைகளுக்கு எம்ஆர்டி பரிசோதனை, நோயாளிகளின் விவரங்களைப் பதிவு செய்யும் ஊழியரின் சில மாதச் சம்பளம், மஜ்ஜை மாதிரிகளை உறைநிலையில் பாதுகாக்கும் செலவு ஆகியவையே நம்மால் ஆகக் கூடியவை. அதை அப்படியே சொன்னபோதுதான் எங்கள் ஊரார் நம்பிக் கொடுத்தார்கள்.

4. ஒரு ரூபாய் கேட்பதற்கு முன் மருத்துவமனையின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். நன்கொடைப் பிரிவில் வாய்மொழியாகக் கேட்டால், ‘தாராளமாகக் கொடுங்கள்’ என்றுதான் சொல்வார்கள். நோக்கம் குறிப்பிடாமல் கொடுக்கும் பணம் பொது நிதியில் சேரும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு என்று சொல்லி வாங்கிய பணம் கட்டடச் செலவில் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தால், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மருத்துவமனை இயக்குநருக்கு முகவரியிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எத்தனை ரூபாய் திரட்ட எண்ணுகிறீர்கள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன நோக்கத்துக்கு என்பன முதல் பத்தியில் வரட்டும். அதன் கீழே நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தத் தொகையைக் குறிப்பிட்ட நோக்கத்துக்கான நன்கொடையாக ஏற்றுக்கொள்கிறீர்களா? எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், குறிப்பில் என்ன சொல் எழுத வேண்டும்? செலவழித்த பிறகு, எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தருவீர்களா? மருத்துவமனையின் பெயரைத் துண்டறிக்கையில் அச்சிட அனுமதி உண்டா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அனுமதியின்றிப் பெயரையும் சின்னத்தையும் அச்சிட்டால், அந்த நிறுவனமே உங்கள் மீது புகார் கொடுக்க நேரிடும்.

பதில் வர எங்களுக்கு 41 நாட்கள் ஆயின. நடுவில் இரண்டு முறை சிகிச்சைக்குப் போனபோது நேரிலும் கேட்டோம். பதிலில் அலுவலக முத்திரை, கடித எண், தேதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அதை 20 நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையம், பள்ளி, ஊராட்சி அலுவலகம், தொழிற்சாலை என்று போகும் இடமெல்லாம் ஒரு நகல் கேட்பார்கள். நிறுவனத்தின் 80ஜி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை), 12ஏபி (நிறுவனத்துக்கு வரிவிலக்கு) பதிவு எண்களையும் பான் எண்ணையும் அப்போதே கேட்டு வாங்கி, வருமான வரித் துறை இணையதளத்தில் சரிபாருங்கள்.

நாமே ஓர் அறக்கட்டளை தொடங்கிவிடலாமே என்று பலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். பத்திரப் பதிவு, பான் அட்டை, வருமான வரிப் பதிவு, ஆண்டுதோறும் தணிக்கை, கணக்குத் தாக்கல் என்று அது நீண்டுகொண்டே போகும். குழந்தைக்கு மாத்திரை கொடுக்கும் நேரத்தைக் கூடக் குறித்து வைக்க வேண்டியிருக்கும் ஒரு வீட்டுக்கு அது தாங்காது.

5. உங்கள் சொந்தக் கணக்கு வழியாகப் பணம் வரவே கூடாது

2023இல் முதல் முறை நாங்கள் செய்த பிழை இதுதான். என் கணவரின் கைபேசி எண்ணையும் மகளின் படத்தையும் போட்டு உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒன்பது நாட்களில் 61,000 ரூபாய் சேர்ந்தது. பத்தாம் நாள் காலையில் மாத்திரை வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார், கணக்கு முடக்கப்பட்டிருந்தது. எங்கோ ஒரு சைபர் மோசடிப் புகாரில் சிக்கிய கணக்கிலிருந்து 500 ரூபாய் எங்களுக்கு வந்திருந்ததாம். வங்கிக் கிளைக்கும் காவல் துறைக்கும் நடையாய் நடந்து அதை விடுவிக்க 23 நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில் மருந்துக்கே கைமாற்று வாங்கினோம். அதற்குள் ஊரில், ‘பணம் பாப்பாவுக்கா, ஆராய்ச்சிக்கா?’ என்ற பேச்சு எழுந்தது. கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் செய்தியிலேயே அது தெளிவாக இல்லை. வந்த தொகை முழுவதையும் வந்த கணக்குகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம்.

முடக்கம் ஒருபுறம் இருக்க, வரியும் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாகப் பணம் வந்தால், அந்தத் தொகை முழுவதும் பெற்றவரின் வருமானமாகக் கருதப்படும். சட்டம் சொல்லும் ‘உறவினர்’ பட்டியலில் கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள், பெற்றோர், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் போன்றோர் இருக்கிறார்கள். பெரியப்பா மகனும் மாமன் மகளும் இல்லை. நமக்கு அவர்கள் உடன்பிறந்தவர்கள்தான், வரிச் சட்டத்துக்கு அவர்கள் அயலார். கட்ட வேண்டிய வரி இல்லாமல் போனாலும், அந்த வரவுக்கு விளக்கம் சொல்லும் நிலை வரும்.

ஆகவே துண்டறிக்கையில் மருத்துவமனையின் வங்கிக் கணக்கு எண்ணும், ஐஎஃப்எஸ்சி குறியீடும், குறிப்பில் எழுத வேண்டிய சொல்லும் மட்டும் இருக்கட்டும். அனுப்பியவர் தம் பெயர், தொகை, பரிமாற்றத்துக்குரிய யுடிஆர் எண், விரும்பினால் பான் எண் ஆகியவற்றை உங்களுக்குக் குறுஞ்செய்தியாகத் தெரிவிக்கட்டும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை மருத்துவமனையின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, வந்து சேர்ந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எங்களுக்கு இவ்வழியில் வந்தது 2,74,150 ரூபாய். குறிப்பில் சொல்லை எழுத மறந்த 17 பேரின் பணத்தைப் பொது நிதியிலிருந்து எங்கள் நோக்கத்துக்கு மாற்ற, யுடிஆர் எண்தான் உதவியது.

கூட்டுநிதி திரட்டும் இணையதளங்களைப் பயன்படுத்த விரும்பினால், மூன்றைப் பாருங்கள்: தளம் எடுத்துக்கொள்ளும் கட்டணம், பணப்பரிமாற்றக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், நன்கொடையாளரிடம் தளத்துக்கென்று தனியே கேட்கும் ‘டிப்’ தொகை முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கிறதா என்பது. பணம் உங்களுக்கு வராமல் நேராக நிறுவனத்துக்குப் போகும்படி அமைக்க முடிந்தால் மட்டும் தொடங்குங்கள்.

6. ரொக்கத்தை மொய் நோட்டுப் போல எழுதுங்கள்

கிராமத்தில் ரொக்கத்தைத் தவிர்க்க முடியாது. எங்களுக்கு வந்த ரொக்கம் 1,12,300 ரூபாய். கொடுத்தவர்கள் 412 பேர். நம் ஊரில் கல்யாண வீட்டு மொய்யை எழுதும்போது ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் பையைப் பிடித்திருப்பார். அதே முறைதான் இதற்கும். மூன்று பேரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. எங்களுக்குப் பால் கூட்டுறவுச் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, சுய உதவிக் குழுத் தலைவி ஆகிய மூவரும் பொறுப்பேற்றார்கள். நானும் என் கணவரும் பணத்தைத் தொடவில்லை.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணுடனும் அடிக்கட்டையுடனும் அச்சிடப்பட வேண்டும். 50 தாள் கொண்ட 10 புத்தகங்களுக்கு எங்களுக்கு 1,500 ரூபாய் ஆனது. பெயர், ஊர், தொகை எண்ணிலும் எழுத்திலும், கையொப்பம். பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பால் சங்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கேனை இறக்கி வைத்துவிட்டு ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தார். சின்னத் தொகைதானே என்று ரசீது எழுதாமல் டீச்சர் நோட்டில் மட்டும் குறித்தார். பாட்டி நகரவில்லை. “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் கண்ணு. எழுதிக் குடு” என்றார். எழுதிக் கொடுத்ததும், எழுத்துத் தெரியாத அவர் தாளை என்னிடம் நீட்டிப் படித்துக் காட்டச் சொன்னார். பெயர், ஊர், நூறு ரூபாய் மட்டும், குழந்தைகள் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று படித்தேன். தலையசைத்துவிட்டு, ரசீதை அதே முடிச்சில் முடிந்துகொண்டு போனார். அன்றிலிருந்து ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை.

சேர்ந்த ரொக்கத்தை வீட்டில் வைத்திருக்காதீர்கள். மருத்துவமனைக் கணக்கு உள்ள அதே வங்கியின் அருகிலுள்ள கிளையில், வாரம் ஒரு முறை நேராக அந்தக் கணக்கிலேயே செலுத்துங்கள். பிறர் கணக்கில் ஒரே நாளில் எவ்வளவு ரொக்கம் செலுத்தலாம் என்பதை மேலாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தொகை என்றால் செலுத்துபவரின் பான் அட்டை தேவைப்படலாம். வரைவோலை எடுக்கலாம் என்றால், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கம் கொடுத்து எடுக்க முடியாது. ஒரே நபரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடை செய்கிறது; மீறினால் அபராதம் உண்டு. அந்த அளவுக்குக் கொடுப்பவர் வந்தால் காசோலையாகக் கேளுங்கள்.

ஒரு நுட்பம் உண்டு. நீங்கள் செலுத்திய ரொக்கத்துக்கு மருத்துவமனை ரசீது செலுத்தியவர் பெயரில் வரும். ‘இணைப்பில் கண்ட 412 பேரிடமிருந்து பெறப்பட்டது’ என்று கடிதம் கொடுத்து, ரசீதிலும் ‘ஊர்ப் பொதுமக்கள் சார்பில்’ என்று எழுதி வாங்குங்கள். அதை வைத்து யாரும் தம் சொந்த வரிக் கணக்கில் சலுகை கோரக் கூடாது.

7. வரிச் சலுகை குறித்துத் தவறான வாக்குறுதி கொடுக்காதீர்கள்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில், பெரும்பாலான அறநிறுவனங்களுக்குக் கொடுத்த தொகையில் பாதியைத்தான் வருமானத்திலிருந்து கழிக்க முடியும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகையே இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்குரிய 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு என்பதால், துண்டறிக்கையில் பிரிவு எண்ணை அச்சிடாமல் ‘வரிச் சலுகைச் சான்றிதழ் மருத்துவமனையால் வழங்கப்படும்’ என்று மட்டும் எழுதுங்கள்.

சலுகைக்கு நன்கொடைச் சான்றிதழ் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10பிஇ படிவம்) தேவை. நிதியாண்டு முடிந்த பிறகு மே 31க்குள்தான் நிறுவனம் அதை வழங்கும். செப்டம்பரில் கொடுத்தவர் எட்டு மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே சொல்லிவிட்டால், நடுவில் தொலைபேசி அழைப்புகள் குறையும். பான் எண் தராதவருக்குச் சான்றிதழ் பெறுவது சிக்கல்.

8. நிகழ்ச்சி நடத்தினால் தேவைப்படும் அனுமதிகள்

நாங்கள் நடத்தியது ஊராட்சித் திடலில் காலை நேர நடைப்பயணமும் ஒரு கூட்டமும். காவல் நிலையத்தில் 15 நாட்களுக்கு முன்பே மனு கொடுத்தோம். இடம், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் ஆதார் நகல், மருத்துவமனைக் கடிதம் ஆகியவை இணைப்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. நடைப்பயணப் பாதை தேசிய நெடுஞ்சாலையைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிச் சாலையில் செல்லும் லாரிகளின் வேகம் உங்களுக்குத் தெரியும். ஃபிளெக்ஸ் வைக்க உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். பள்ளியில் வசூலிக்கத் தலைமையாசிரியரின் சம்மதம் மட்டும் போதாது. எங்களிடம் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதியைக் கேட்டார்கள், அதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

செலவு இது: ரசீதுப் புத்தகம் 1,500, துண்டறிக்கை 2,400, ஃபிளெக்ஸ் 1,600, சாமியானாவும் ஒலிபெருக்கியும் 6,500, தேநீரும் பன்னும் 2,800. மொத்தம் 14,800 ரூபாய். இதை நன்கொடையிலிருந்து எடுக்காமல் நாங்களும் என் அண்ணனும் பங்கிட்டுக்கொண்டோம். உங்களால் முடியாவிட்டால், செலவுக்கென்று ஒருவரிடம் தனியே பொறுப்பேற்கச் சொல்லுங்கள். ‘நீங்கள் கொடுத்தது முழுவதும் போய்ச் சேரும்’ என்று சொல்ல முடிந்தது எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது.

செலவே இல்லாத வழி ஒன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். ஊராட்சி அலுவலகத்தில் முன்பே சொல்லி ஐந்து நிமிடம் கேளுங்கள். எங்கள் அறிவிப்பை ஆகஸ்ட் 15 அன்று அங்கேதான் செய்தோம்.

9. தொழிற்சாலைகளும் வெளிநாட்டு உறவினரும்

ஓசூர்ப் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்க நினைத்தால், பெறும் நிறுவனத்துக்கு அந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிதியாண்டுத் திட்டம் முடிவாவதற்கு முன், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். நாங்கள் செப்டம்பரில் கேட்டோம். எல்லா இடத்திலும் அடுத்த ஆண்டு வரச் சொன்னார்கள். மாம்பழக்கூழ் ஆலை போன்ற உள்ளூர்த் தொழில் நடத்துபவர்கள் நேரில் போய்க் கேட்டால் விரைவில் முடிவு சொல்கிறார்கள்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், ஓசிஐ எனப்படும் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகும். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவுள்ள நிறுவனம் மட்டுமே, புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள தன் கணக்கில், அதைப் பெற முடியும். சாதாரணக் கணக்கு எண்ணை அவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

10. குழந்தையின் படம்

முதல் முறை சென்ற படத்தில் என் மகள் முடி கொட்டிய தலையோடு, மூக்கில் குழாயோடு இருந்தாள். இன்றும் அது யார் யாரிடமோ இருக்கிறது. திரும்பப் பெற வழியில்லை. வளர்ந்த பிறகு அவள் அதைப் பார்ப்பாள் என்பதை அன்று யோசிக்கவில்லை. இரண்டாம் முறை அவள் வரைந்த ஒரு மாமரப் படத்தை அச்சிட்டோம், பெயரைப் போடவில்லை. வசூல் அதனால் குறையவில்லை. உண்டியல் அருகே குழந்தையை உட்கார வைக்காதீர்கள். குழந்தையைக் காட்டிப் பிச்சை எடுப்பதாகச் சட்டம் அதைப் பார்க்க இடம் உண்டு. கூட்டத்தில் தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பதாலும் அவள் வீட்டிலேயே இருப்பது நல்லது.

பணம் கொடுக்க இயலாதவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களை வெறுமனே அனுப்பாதீர்கள். தானமாகப் பெற்ற பிளேட்லெட் (இரத்தத் தட்டணு) பொதுவாக ஐந்து நாட்களுக்கு மேல் தாங்காது என்பதால், சிகிச்சையில் உள்ள குழந்தைகளுக்குக் கொடையாளர்கள் எப்போதும் தேவை. 18 வயது முடிந்த, 45 கிலோவுக்குக் குறையாதவர்களின் பெயர், இரத்த வகை, கைபேசி எண் ஆகியவற்றை வாங்கி, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரத்த வங்கியில் கொடுத்து வையுங்கள். எங்கள் பட்டியலில் 63 பேர் சேர்ந்தார்கள்.

11. கணக்கை முடித்தல்

முடிவுத் தேதியைத் துண்டறிக்கையிலேயே அச்சிட்டு, அந்தத் தேதிக்குப் பிறகு வாங்காதீர்கள். பயன்படாத ரசீதுத் தாள்களைக் குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதுங்கள். வரவு, செலவு, வங்கியில் செலுத்திய சீட்டுகள், மருத்துவமனை ரசீது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தொகுத்து, மூன்று பொறுப்பாளர்களின் கையொப்பத்துடன் பதினைந்து நாட்களுக்குள் ஊரில் ஒட்டுங்கள். நாங்கள் பால் சங்கத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டினோம்.

பயன்பாட்டுச் சான்றிதழ் தானாக வராது. மாதம் ஒரு முறை நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும்; எங்களுக்கு ஏழாம் மாதம் வந்தது. எத்தனை எம்ஆர்டி பரிசோதனைகளுக்கு, எத்தனை மாதச் சம்பளத்துக்கு என்று அதில் தொகை வாரியாக இருந்தது. கொழுப்புச் சத்து விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதையும் பால் சங்கத்தில் ஒட்டினோம். கேனோடு வரிசையில் நின்ற பாட்டி, இந்த முறையும் என்னைப் படித்துக் காட்டச் சொன்னார்.